ஆண்டறிக்கை: ஹாலுக்குள் 20 மீட்டர் கம்பி

நம் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ கிளப் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது, இந்த ஆண்டு நம்மை அதிகம் வேலை வாங்கிய விஷயம்: மொட்டை மாடியில் இடம் கிடைக்காத அடுக்குமாடி உறுப்பினர்களுக்கு 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிற்றலை) ஆன்டெனா.

லைசென்ஸ் வாங்கியும் ரேடியோ செட்டைத் துணி போட்டு மூடி வைத்திருந்த ஒரு உறுப்பினரின் ஹாலில்தான் தொடங்கினோம். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அரை அலை டைபோலின் (நடுவில் இணைப்பும் இருபுறமும் சம நீளக் கைகளும் கொண்ட கம்பி ஆன்டெனா) நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். ஹாலோ 6 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம்.

டைபோலின் நடுப்பகுதியில்தான் மின்னோட்டம் அதிகம். அலையைப் பெரும்பாலும் வீசுவதும் அதுதான். ஆகவே நடு 6 மீட்டரை நீளச் சுவரின் மேல் விளிம்பில் நேராக இழுத்துக் கட்டினோம். இரு கைகளும் மூலையில் திரும்பி, அகலச் சுவர்களைக் கடந்து, எதிர்ச்சுவரில் 2 மீட்டர் ஓடி, மிச்சம் கீழே தொங்கின. வாலை, அதாவது கைகளின் முனைப் பக்கத்தை, மடித்தால் இழப்பு குறைவு. நடுவை மட்டும் மடிக்காதீர்கள்.

சுவரை ஒட்டி ஓடும் கம்பி கணக்கைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் ரெசனன்ஸ் ஆகும், அதாவது இசைந்து நிற்கும். அந்த அதிர்வெண்ணை அளக்கும் ஆன்டெனா அனலைசர் 6.8 காட்டியது. இரு முனையிலும் பத்துப் பத்து சென்டிமீட்டராக, பொறுமையாக நறுக்கினோம். முனைக்கு நாற்பது போனதும் 7.1-க்கு வந்தது.

அப்புறம் இரைச்சல். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்ததில் ஒரு எல்.இ.டி. விளக்கின் பவர் சப்ளை மாட்டியது. அதை மாற்றி, டைபோலின் நடுவே, செட்டிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் சுற்றியதும் பேண்ட் அமைதியானது.

முனைகளில் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும், தொட்டால் சுடும். அதனால் தொங்கும் பகுதியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம். 10 வாட்டுக்கு மேல் போவதில்லை. டிரான்ஸ்மிட் செய்யும்போது யாரும் கம்பியருகே உட்காருவதுமில்லை.

அன்று மாலை அந்த உறுப்பினர் மோர்ஸில் சி.க்யூ. (கேட்பவர் யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) அடித்தார். மூன்றாவது அழைப்புக்குப் பதில் வந்தது. பதில் வந்த கால்சைனை (நிலையத்தின் அடையாளக் குறியீடு) எழுதும்போது அவர் பென்சில் நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த ஆண்டில் எனக்கு இதைவிட நிறைவான நாள் இல்லை.

இதே முறையில் இன்னும் இரண்டு வீடுகளில் கட்டிவிட்டோம். ஹாலே இல்லாத ஒற்றை அறைக்காரர்களுக்கு அடுத்து மேக்னெடிக் லூப் (சிறிய வளைய ஆன்டெனா) முயல்வதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அனலைசர் ஒன்றுதான் இருக்கிறது. வேண்டுவோர் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

செயலாளர்