மறுவிற்பனை ராயல்டியை நம்பி என்எஃப்டியில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமே இசையமைத்து, தாமே பதிவுசெய்து வெளியிடும் சுயாதீனக் கலைஞர்களுக்கு என்எஃப்டி (பிளாக்செயின் என்ற பொது டிஜிட்டல் பதிவேட்டில் பதியப்படும் தனித்த டோக்கன், அதாவது டிஜிட்டல் சான்று) விடிவு தரும் என்று சொல்பவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சேர்த்துக்கொள்கிறார்கள்: "பாடலை ஒருமுறை விற்றால் போதும், அது கைமாறும்போதெல்லாம் ராயல்டி தானாக வந்து சேரும்." இதை நம்பி விலை வைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். என்எஃப்டியால் இசைக் கலைஞருக்குப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் மறுவிற்பனையில் இல்லை, முதல் விற்பனையில் இருக்கிறது.

ராயல்டி விகிதத்தை டோக்கனோடு சேர்த்து எழுதிவைக்கலாம் என்பது உண்மைதான். ஈதிரியம் என்ற பிளாக்செயினில் அதற்கென்றே இஆர்சி-2981 என்ற தரநிலை உண்டு. ஆனால் "இந்த விலைக்கு விற்றால் இந்த முகவரிக்கு இவ்வளவு சேர வேண்டும்" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். பணத்தைப் பிடித்துக் கொடுக்க அதற்கு வழியில்லை. ஒரு டோக்கன் ஒரு வாலட்டிலிருந்து (டோக்கன்களை வைத்திருக்கும் டிஜிட்டல் கணக்கிலிருந்து) இன்னொன்றுக்குப் போனது மட்டுமே பிளாக்செயினுக்குத் தெரியும். அது விற்பனையா, பரிசா, ஒரே ஆள் தன்னுடைய இன்னொரு வாலட்டுக்கு மாற்றிக்கொண்டதா என்பது தெரியாது. ஆகவே ராயல்டியைக் கொடுப்பதும் கொடுக்காததும் விற்பனைத் தளத்தின் கையில்தான். தளங்களுக்குள் போட்டி முற்றியபோது முதலில் வெட்டுப்பட்டதும் இதுதான். மிகப் பெரிய தளமாக இருந்த ஓப்பன்சீ, ராயல்டியைக் கட்டாயமாக்கத் தான் வைத்திருந்த வடிகட்டியை (ராயல்டி தராத தளங்களில் டோக்கன் விற்பதைத் தடுக்கும் கருவியை) 2023 ஆகஸ்ட் 31உடன் நிறுத்திவிட்டது. குறிப்பிட்ட தளங்களில் மட்டுமே கைமாறும்படி டோக்கனைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்கள்) இருக்கின்றன. அவற்றில் ராயல்டி நிற்கும், ஆனால் வாங்கியவர் தன் பொருளை விரும்பிய இடத்தில் விற்க முடியாது. இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இனி முதல் விற்பனை. ஸ்ட்ரீமிங்கில் சந்தாவும் விளம்பரமும் ஒரே குடத்தில் விழுகின்றன. மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கோ, குடத்திலும் ஏறக்குறைய அத்தனை பங்குதான். உங்கள் பாடலை மட்டுமே கேட்கும் ஒருவர் கட்டிய சந்தாவும் அப்படியே உங்களுக்கு வராது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் பதிவுக்கு ராயல்டி கணக்கிடப்படும். இந்த அமைப்பில் இருநூறு தீவிர ரசிகர்கள் இருப்பதற்கு மதிப்பே இல்லை. அந்த இருநூறு பேரில் 25 பேர் ஆளுக்கு 0.02 ஈதர் (ஈதிரியத்தின் நாணயம்) கொடுத்து ஒரு பாடலின் எண்ணிட்ட பிரதியை வாங்கினால் 0.5 ஈதர் அன்றைக்கே வந்துவிடும். பாடியவருக்கு 40, இசையமைத்தவருக்கு 40, மிக்ஸிங் செய்தவருக்கு 20 விழுக்காடு என்று பங்கீட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், 0.2, 0.2, 0.1 என்று அவரவர் கணக்கில் பிரியும் (தளக் கட்டணம் இருந்தால் அதைக் கழித்த மீதிதான் இதே விகிதத்தில் பிரியும்). யாரும் யாரிடமும் கணக்குக் கேட்டு நிற்க வேண்டாம். எங்களைக் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய நன்மை இந்தப் பங்கீடுதான். ஒரு எச்சரிக்கை: மாற்ற முடியாத பங்கீட்டு ஒப்பந்தத்தில் ஒரு முகவரி தவறாகப் பதிந்தால் அந்தப் பங்கு போனதுதான். ஒவ்வொரு முகவரிக்கும் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததை உரியவர் உறுதிசெய்த பிறகே ஒப்பந்தத்தை ஏற்றுங்கள்.

செலவையும் முன்பே கணக்கிட வேண்டும். 1 ஈதர் என்பது 100 கோடி குவெய். ஒரு டோக்கனை மின்ட் செய்ய, அதாவது புதிதாக உருவாக்கிப் பதிய, 1,00,000 அலகு கேஸ் (பிளாக்செயினில் செய்யும் வேலையின் அளவு) செலவாகிறது, அலகு விலை 50 குவெய் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 0.005 ஈதர். அதாவது 0.02 ஈதர் பிரதியில் கால்வாசி. நெரிசல் நேரத்தில் அலகு விலை பல மடங்கு ஏறும்போது பாடலின் விலையையே கட்டணம் தாண்டிவிடும். ஈதிரியத்தின் 2024 மார்ச் மேம்பாட்டுக்குப் பிறகு, அதன்மேல் இயங்கும் பேஸ், ஆப்டிமிசம் போன்ற இரண்டாம் அடுக்கு வலைகளில் இந்தக் கட்டணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்த விலைப் பிரதிகளை அங்கே வெளியிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உரிமைதான் பலரும் சறுக்கும் இடம். டோக்கனை விற்பது வேறு, பதிப்புரிமையை விற்பது வேறு. வாங்கியவர் அந்தப் பாடலைப் படத்தில் போடலாமா, பொது இடத்தில் ஒலிக்கவிடலாமா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுத்தில் வையுங்கள். ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த ஆக்கத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பிறர் பாடலை நீங்கள் பாடிப் பதிவுசெய்தால் பதிவு உங்களுடையது, ஆக்கம் அவர்களுடையது. அனுமதி வாங்காமல் அதை மின்ட் செய்யக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய லூப்புகளின் (ஆயத்த இசைத் துணுக்குகளின்) உரிமத்தையும், விநியோகஸ்தரோடு ஏற்கெனவே போட்ட தனியுரிமை ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படியுங்கள். 2021இல் அமெரிக்க ஹிப்ஹாப் தயாரிப்பாளர் டேமன் டேஷ், தான் மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்த நிறுவனத்தின் ஆல்பம் ஒன்றை என்எஃப்டியாக ஏலம் விட முனைந்ததாகக் கூறி அந்த நிறுவனமே வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தில் பங்கு இருப்பதால் ஆல்பத்தின் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது என்பதுதான் அந்த வழக்கின் மையம். மறுபக்கம், 2022 தொடக்கத்தில் ஹிட்பீஸ் என்ற தளம் எண்ணற்ற கலைஞர்களின் பாடல்களை அவர்களைக் கேட்காமலே பட்டியலிட்டுவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மூடிக்கொண்டது. உங்கள் பெயரில் யாராவது மின்ட் செய்தாலும் பிளாக்செயின் தடுக்காது.

பாடலின் ஸ்ட்ரீமிங் வருவாயில் பங்கு தருவதாக டோக்கன் விற்கும் முறையும் உண்டு. அது முதலீட்டுப் பத்திரமாகக் கருதப்பட வாய்ப்பிருப்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுத்தது கோப்பு. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 4 நிமிடப் பாடல் ஏறக்குறைய 63 மெகாபைட். இவ்வளவு பெரிய கோப்பை யாரும் பிளாக்செயினில் வைப்பதில்லை. டோக்கனில் இருப்பது ஒரு முகவரி. அது விவரக் கோப்பைக் காட்டும், விவரக் கோப்பு பாடலைக் காட்டும். முகவரி ஒரு நிறுவனத்தின் இணையதளமாக இருந்தால், நிறுவனம் போகும்போது பாடலும் போகும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை திவாலானபோது அங்கே வெளியான பல டோக்கன்களின் படங்கள் மறைந்ததே இதனால்தான். ஐபிஎஃப்எஸ் என்ற பகிர்வுச் சேமிப்பு வலையில் முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால் யாரும் பாடலை மாற்றிவைக்க முடியாது. ஆனால் யாராவது ஒரு கணினியில் அதைப் பிடித்துவைத்திருந்தால்தான் கிடைக்கும். அப்படிப் பிடித்துவைக்கும் சேவைக்குக் கட்டும் சந்தா நின்றால் கோப்பும் காணாமல் போகலாம். ஆர்வீவ் என்ற இன்னொரு சேமிப்பு வலையில் நீண்டகாலச் சேமிப்புக்கான கட்டணத்தை முன்னதாக ஒரே தடவையில் செலுத்திவிடலாம். இரண்டிலும் வைப்பது நல்லது. வரிசையும் முக்கியம்: இறுதி மாஸ்டரிங் முடிந்த கோப்பை ஏற்றி, கிடைத்த முகவரியிலிருந்து அதைத் திரும்ப இறக்கி முழுவதும் கேட்ட பின், விவரக் கோப்பை எழுதி ஏற்றுங்கள். மின்ட் கடைசியில்தான். பின்னால் ஒலியை இம்மியளவு திருத்தினாலும் ஐபிஎஃப்எஸ் முகவரி மாறிவிடும்.

வாலட்டைத் திரும்பப் பெற உதவும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள். திரைப்பிடியாக எடுத்து வைக்காதீர்கள். ஒப்பந்தங்களை ஏற்றும் வாலட்டைக் கொண்டு வேறெந்தத் தளத்திலும் கையொப்பமிடாதீர்கள். இலவச டோக்கன் தருவதாக அழைத்து, "அனைத்துக்கும் அனுமதி" என்று ஒரே கையொப்பம் வாங்கி, வாலட்டில் உள்ள ஒரு தொகுப்பின் டோக்கன்கள் முழுவதையும் எடுத்துப்போவது வழக்கமான திருட்டு.

2021இல் 3லாவ் என்ற கலைஞர் 33 டோக்கன்களை விற்று 1 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது உலகெங்கும் செய்தியானது. அவருக்கு அதற்கு முன்பே பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது என்பது பல செய்திகளில் அடியில் போய்விட்டது. இனி இப்படி ஒரு விற்பனையைப் பற்றி நாளிதழில் எழுதும்போது தொகையோடு நான்கு விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்: வாங்கியவருக்குக் கிடைத்த உரிமை என்ன, கோப்பு எங்கே இருக்கிறது, மறுவிற்பனை ராயல்டியை அந்தத் தளம் கட்டாயமாக்குகிறதா, கட்டணங்கள் போகக் கலைஞர் கைக்கு வந்தது எவ்வளவு.

இப்படிக்கு,
இசைப் பதிவுத் துறையைச் சேர்ந்த வாசகர்கள்