அடுத்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் செம்மண்டலம் பக்கத்தில் ஒரு நகரில் 11 வருஷமாகக் குடியிருக்கிறேன், வீட்டிலேயே தையல் வேலை. புரட்டாசி பிறந்தாயிற்று. வாய்க்கால் தூர்வாருகிறார்கள், மணல் மூட்டை அடுக்குகிறார்கள், படகுகள் தயார் என்று தினமும் செய்தி வருகிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர், மழை பிடித்துக்கொண்ட ராத்திரியில் அவர்கள் கதவைத் தட்டப் போவது யார்?

2024 நவம்பர் 30 ராத்திரி யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைத் தொட்டுவிட்டு நகராமல் அங்கேயே நின்று, பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முன்னிரவிலேயே கரண்ட் போய்விட்டது. போனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது, அணைத்து வைத்துவிட்டுப் படுத்தோம். விடிகாலையில் போட்டதும் ஒரு அழைப்பு. பேசியவர் நான் லைனிங் துணி வாங்கும் திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரர். "அக்கா, உங்க தெருவுல ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்களே, அவங்க பையன் என்கூடப் படிச்சவன், மஸ்கட்ல இருந்து ராத்திரி பூரா அழைச்சிருக்கான், அம்மா போன் எடுக்கல, கொஞ்சம் பாக்குறீங்களா" என்றார்.

டீச்சரம்மா எங்களுக்கு மூன்றாவது வீடு. மஸ்கட்டில் இருக்கிற மகனின் கவலை எனக்கு வந்து சேர ஒரு துணிக்கடைக்காரர் வேண்டியிருந்தது. 11 வருஷமாக அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், தோள் அளவு கை அளவு எல்லாம் மனப்பாடம், அவர் மகன் நம்பர் மட்டும் என்னிடம் இல்லை.

போய்ப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், கத்தினேன், பதில் இல்லை. எதிர்வீட்டுப் பையன் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் தண்ணீர், இன்வெர்ட்டர் பாட்டரி பாதி மூழ்கியிருந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்கு அப்புறம் சாப்பிடவில்லை, நாங்கள் கூப்பிட்டது காதில் விழுந்தும் குரல் எழும்பவில்லை. அந்த நிலையிலும் அவர் முதலில் சொன்னது, "தண்ணில கால வெக்காதடா, கரண்ட்டு அடிச்சிடப் போவுது" என்பதுதான்.

அது வீண் பயமும் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்தாலும், தெருவுக்கே கரண்ட் இல்லாவிட்டாலும், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் மின்சாரம் இருக்கும். தண்ணீர் உள்ளே வரும் என்று தோன்றுகிறபோதே, கால் நனைவதற்கு முன்னால், இரண்டையும் அணைத்துவிட வேண்டும். அன்று வாசலில் மெயினை அணைத்து, பின்பக்கக் கதவுத் தாழ்ப்பாளை உடைத்து, மரப்பலகை போட்டு ஏறி இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகுதான் அவரை நாற்காலியோடு தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவர் வீட்டில் மட்டும் ஏன் அவ்வளவு தண்ணீர் என்பதையும் சொல்ல வேண்டும். அது தெருவிலேயே பழைய வீடு. கட்டும்போது ரோட்டைவிட இரண்டு படி உயரத்தில் இருந்ததாம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை புது ரோடு போட்டார்கள். பிறகு மனை வாங்கியவர்கள் நாலடி ஐந்தடி மண் கொட்டி உயர்த்திக் கட்டினோம், நாங்களும்தான். இப்போது எங்கள் எல்லார் வீட்டுத் தண்ணீரும் போய் நிற்கிற இடம் அவர் வீடு. பழைய தார்ச் சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். தெருவில் ரோடு போட வரும்போது அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நாங்கள் கேட்கவில்லை, புது ரோடு வந்ததே போதும் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த கவலை அவருடைய இன்சுலின். சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி போடுகிறவர், மருந்து பிரிட்ஜில், கரண்டோ எப்போது வரும் என்று தெரியாது. என் மாமியார்தான் வழி சொன்னார். பெரிய மண்பானையில் பாதிக்கு ஆற்று மணல், அதற்குள் ஒரு சின்ன மண் கலயம், மணலில் தண்ணீர் தெளித்து, மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்று வருகிற ஜன்னலோரம் வைத்தோம். தொட்டால் ஜில்லென்று இருந்தது. பிறகு டாக்டரிடம் கேட்டபோது, பிரித்த மருந்து வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நாலு வாரம் வரை தாங்கும், பிரிக்காததைத்தான் பிரிட்ஜில் காப்பாற்ற வேண்டும், பானை முறை அவசரத்துக்கு நல்லதுதான் என்றார். இது தெரியாமல் மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து ஊசியையே விட்டவர்கள் அந்த வாரம் எத்தனை பேரோ.

டிசம்பர் 2 விடிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை ஓரத்து ஊர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கஷ்டத்துக்கு முன் எங்கள் தெருக் கஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் தெரு மாதிரித் தெரு ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆறு அங்கே வராது, படகும் வராது, கேட்டுக்குப் பின்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

என்னிடம் தைக்க வருகிற, கடலோரத் தேவனாம்பட்டினத்து மீனவ அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எங்க ஊர்ல யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு பொழுது சாயறதுக்குள்ள தெரிஞ்சிடுமே" என்றார். 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகை மேட்டுக்கு இழுத்துவிட்டு முதலில் ஆள் கணக்குத்தான் பார்ப்பார்களாம். நகர் என்று பெயர் வைத்துக்கொண்ட எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை. திண்ணை வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை, ஆள் உயர கேட்டும் கிரில்லும்தான். வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் அதுவும் போய்விடுகிறது.

தண்ணீர் வடிந்ததும் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். நானும் எதிர்வீட்டுப் பையனின் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். மொத்தம் 32 வீடு, அதில் 9 வீட்டில் பெரியவர்கள் மட்டும். யாருக்குப் போன் செய்ய வேண்டும், என்ன மருந்து, தானாக நடப்பாரா தூக்க வேண்டுமா, மாற்றுச் சாவி யாரிடம், இவ்வளவுதான் கேட்டோம். கடைசிப் பக்கத்தில் எந்த வீட்டில் அடிபம்பு, எந்த வீட்டில் ஏணி, யாரிடம் கூடுதல் சிலிண்டர் என்று எழுதினோம். அடிபம்பு எதற்கு என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் வைத்துத் தெருத் தெருவாக வந்து, காசு வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பிக் கொடுத்தார்கள். காசு இல்லாத வீட்டுக்கு அன்று தண்ணீர் கொடுத்தது அடிபம்புதான்.

இரண்டு வீட்டில் விவரம் தர மறுத்தார்கள். திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. அதனால் நோட்டைப் போட்டோ எடுப்பதில்லை, குழுவில் போடுவதில்லை, இரண்டு வீட்டில் மட்டும் இருக்கும் என்று முடிவு செய்தோம். அப்புறம் மறுத்தவர்களில் ஒரு வீட்டார் தாங்களாகவே வந்து விவரம் சொன்னார்கள்.

இதை எங்கள் தெருவோடு விடக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை. கடலூர் மாநகராட்சி ஆகி 45 வார்டு இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதியே வந்து, அந்த வருஷம் உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் கூட்டமும் தொடங்கியது. தெரு விளக்கு, குப்பை வண்டி பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்து, தெருவுக்கு இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். கிராமங்களுக்கு அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது, இதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, முதியோர் உதவிக்கு 14567, இந்த இரண்டு எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரிலும் ஒட்டிக் கொடுத்தாலே பாதிப் பேருக்குத் தைரியம் வரும். கண் மங்கியவர்கள் போனில் எண் தேட மாட்டார்கள்.

இன்னொன்று. தண்ணீர் வடிந்து, நிவாரணமும் வந்து, எல்லாரும் வேலையைப் பார்க்கப் போன பிறகு, மழை சத்தம் கேட்டால் டீச்சரம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. "அதெல்லாம் சரியாயிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் தலையாட்டினார், தூங்கவில்லை. மனசுக்கு ஆலோசனை சொல்ல அரசின் 14416 இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், போனில் பேச அவருக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சும்மா வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு ரவிக்கையும் கொக்கி டப்பாவும் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வந்து கொக்கி வைத்துக் கொடுக்கிறார். ஊசியில் நூல் மட்டும் நான் கோத்துத் தர வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுக்கை.

போன வாரம் நோட்டை எடுத்து மறுபடி ஒரு சுற்றுப் போனோம், டீச்சரம்மாதான் எழுதினார், அவர் கையெழுத்து என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. ஒரு வீட்டில் மகன் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார், இன்னொரு வீட்டில் ஐயா தவறிவிட்டார், அந்த அம்மா மட்டும் இருக்கிறார். 9 வீடு இப்போது 10.

இப்படிக்கு,
ஒரு தையற்கார வாசகி,
கடலூர்