மில்லிங் பிரேக் சமாச்சாரம்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி எப்படி இருக்குது, மருமகன் வேலையில சேந்துட்டானா இல்ல இன்னும் இன்டர்வியூ இன்டர்வியூன்னே சுத்தறானா. தென்னையில வெள்ளை ஈ இன்னும் போகலைன்னு எழுதியிருந்த, இங்க ஆனைமலைக்காரர் ஒருத்தர் வந்தப்பவும் அதையே தான் சொன்னாரு, ஓலை மேல கரி பூசுன மாதிரி படிஞ்சு கெடக்குதாம். இங்க திருச்செங்கோட்டுல மழை ஆரம்பிச்சாத்தான் நமக்கு வேலை, போர் போடற ரிக் வண்டிக எல்லாம் ஊருக்கு வந்து வரிசையா நிக்குது, எல்லாருக்கும் எல்லாம் நாளைக்கே வேணும். அந்த நேரம் பார்த்து இரும்பை செதுக்கற மில்லிங் மிஷின் படுத்துருச்சு, அதைத்தான் போன்ல பாதியில விட்டேன், இப்ப முழுசா எழுதறேன், உன்ற கிட்ட ஒரு வேலையும் இருக்குது.

மிஷின் உனக்கு தெரியும், அந்த பழைய டர்ரெட் மில்லிங், நேம் பிளேட்டு கூட இல்லாதது. அமெரிக்கால பிரிட்ஜ்போர்ட்டுக்காரங்க 1938ல கொண்டாந்தாங்கல்ல, அந்த டிசைனோட காப்பி தான், ஸ்டெப் புல்லி ஹெட்டு, கட்டரை புடிக்க ஆர்8 கோலெட். வெடியால பையன் ஸ்டார்ட் பட்டனை அமுக்குறான், மோட்டார் ஊம்ம்னு முனகுது, ஓவர்லோடு ட்ரிப் ஆவுது, மறுபடி ரீசெட் பண்ணி அமுக்குறான். நாங் போயி மெயினை ஆஃப் பண்ணி ஃபியூஸை புடுங்கி பாக்கெட்டுல போட்டுட்டேன், இல்லீன்னா வைண்டிங் பொகைஞ்சிருக்கும்.

பக்கத்துல ஒரு மெக்கானிக்கை கூப்ட்டேன். வந்தாரு, லிவரை ரெண்டு ஆட்டு ஆட்டுனாரு, பிரேக் ஷூ புடிச்சிருச்சுங்க, கழட்டி வீசிட்டு ஓட்டுங்க, பாதி பட்டறையில பிரேக்கே இல்லாம தான் ஓடுதுன்னாரு. அவர் சொன்னது நெசந்தான், பாதி பட்டறையில இல்ல. அங்கெல்லாம் என்ன நடக்குதுன்னு நீயும் பாத்திருக்க, ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு சுத்தற கோலெட் சக்கை உள்ளங்கையால புடிச்சு நிறுத்தறானுங்க. ஒரு நாளைக்கு கட்டர் மாட்டியிருக்கறது மறந்து போச்சுன்னா வெரல் போயிரும். அவருக்கு டீ வாங்கி குடுத்து அனுப்பிட்டு நானே உக்காந்தேன்.

மொதல்ல ஹெட்டை பிரிக்கலை. ஹை லோ லிவரை நடுவால நிறுத்துனேன், அப்ப புல்லியும் ஸ்பிண்டிலும் தனித்தனி, கட்டர் சுத்தற ஸ்பிண்டிலை கையால சுத்துனா வெண்ணெயா சுத்துது, சத்தமும் இல்ல. அப்ப ஸ்பிண்டில் உக்கார்ற க்வில்லு பேரிங்கெல்லாம் நல்லாருக்குது, கோளாறு கிளட்ச்சுக்கு மேல. டைரக்டுல போட்டேன், கல்லு. பெல்ட்டை லூஸ் பண்ணி மோட்டாரை சுத்துனா மோட்டார் ஃப்ரீ. மிச்சம் புல்லியும் பிரேக்கும் தான். பிரேக் லிவருல ஸ்ப்ரிங் திருப்பி தள்ற ஃபீலே இல்ல, தொள தொளன்னு ஆடுது, அப்பவே தெரிஞ்சு போச்சு.

கோலெட்டை மேல இருந்து இழுத்து புடிக்கற ட்ராபாரை உருவிட்டு, செயின் பிளாக் போட்டு மோட்டாரை எறக்கி, பெல்ட் ஹவுசிங்கை தூக்குனா உள்ள ஒரே கருப்பு களி. ஆயில் விடச் சொன்னா வழிய வழிய ஊத்திருக்கானுங்க, அது ஷூ மேல ஒட்டற லைனர் தூசியோட சேந்து ஒட்டிக்கிச்சு. ரெண்டு ஷூவுல ஒண்ணு அலுமினியம் தெரியற வரைக்கும் தேஞ்சிருக்குது, ஒரு ஸ்ப்ரிங் முறிஞ்சு கெடக்குது. லைனர் தேயத் தேய, லிவரோட திரும்பற கேம் அதிகமா திரும்பித்தானே ஷூவை விரிக்கணும், திரும்பி திரும்பி ஒரு நாள் உச்சியத் தாண்டி குறுக்கால நின்னுக்கிச்சு, இழுத்து மூடறதுக்கு ஸ்ப்ரிங்கும் இல்ல, ஷூ ரெண்டும் ட்ரம்முல அடிச்ச ஆப்பு மாதிரி ஆயிருச்சு. லிவருல பைப்பை போட்டு திருப்பிருந்தா ஷாஃப்ட்டு தான் முறிஞ்சிருக்கும், ஸ்க்ரூடிரைவர்ல நெம்பி கேமை பொறகால தள்ளுனதுக்கப்பறம் தான் விட்டுது.

தூசியை ஏர் அடிச்சு ஊதறேன்னு பையன் வந்தான், வேண்டாம்னு நிறுத்திட்டேன். பழைய லைனருல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராது. மாஸ்க் போட்டு ஈரத்துணியில தொடச்சு அப்படியே கவருல கட்டியாச்சு, ட்ரம்மை தின்னர் போட்டு எண்ணெய் பிசுக்கு போற வரைக்கும் தொடச்சோம். ஸ்பேர் எங்க தேடறது, லாரிக்கு லைனர் ஒட்டற கடையில ஷூவை குடுத்து கொஞ்சம் தடியாவே ஒட்டி வாங்குனேன். அப்பறம் ரெண்டு ஷூவையும் பின்னுல கோத்து, கேம் உக்கார்ற எடத்துல மெல்லிசா ஷிம் தகடு வச்சு, லேத்துல புடிச்சு ட்ரம்மு போருக்கு துளி கம்மியா டர்ன் பண்ணுனேன். இதை செய்யாம அப்படியே மாட்டுனா ஒரு ஓரம் மட்டும் தொட்டு கீச்சுன்னு கத்தும். கேம்ல மட்டும் துளி கிரீஸ், ஸ்க்ரூவுக்கு லாக்டைட் பசை, ஸ்ப்ரிங் ரெண்டுமே புதுசு. ஹவுசிங்கை மூடறதுக்கு முன்னாடியே லிவரை ஆட்டி ஷூ திரும்பி வருதான்னு பாத்துக்கணும், மூடுனப்பறம் பாத்தா மறுபடி செயின் பிளாக் தான்.

இதெல்லாம் வேலை, முடிஞ்சுது. ஆனா பிரேக் ஏன் இந்த கதிக்கு வந்துதுன்னா பசங்க ஓட்டற லட்சணம். ஃபுல் ஸ்பீடுல ஓடறப்பவே லிவரை இழுக்கறான். ட்ராபார் டைட் பண்ண பிரேக்கை லாக் பண்றது முறை தான், அதுல ஸ்பேனருக்கு பைப்பு போட்டு தொங்குனா ஷூ என்ன பண்ணும். அதுக்கு பேக் கியர்ல போடுங்கடான்னு சொல்லிட்டேன், புல்லிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவால கிட்டத்தட்ட எட்டுக்கு ஒண்ணு கெடைக்குது, புல்லி எட்டு சுத்துனா தான் ஸ்பிண்டில் ஒண்ணு, பிரேக்கு லேசா புடிச்சாலே ஸ்பிண்டில் அசையாது. பைப்பை எடுத்து பீரோவுல வச்சு பூட்டிட்டேன், தேடிட்டு இருக்கானுங்க.

நீ மோட்டார் ஸ்பீடை மாத்தற விஎஃப்டி டிரைவ் போட்டா கரண்ட்டே பிரேக் புடிக்கும்னு சொல்லுவ. நிறுத்தறதுக்கு சரி, கட்டர் மாத்தறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்பிண்டிலை எது புடிக்கும், அதுக்கு இந்த ஷூ தான் வேணும். இன்னும் ஒண்ணு பயமா இருக்குது, பிரேக்கை லாக் பண்ணதை மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணுனா புது லைனர் பொசுங்கிரும். அதுனால பிரேக் லிவர் லாக்குல இருந்தா மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற கான்டாக்டர் எடுக்கக் கூடாது, லிமிட் ஸ்விட்ச் ஒண்ணு வச்சு அதோட காயில் லைன்ல சீரீஸ்ல குடுத்தா போதும்னு நெனைக்கறேன். எனக்கு மெக்கானிக்கல் தான் ஓடும், வயரிங் உன்ற ஏரியா. லிவர் மேல நீட்டிட்டு இருக்கற எடத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன், ஸ்விட்சு எந்த பக்கம் வைக்கலாம், என்சியா (சும்மா இருக்கறப்ப மூடியிருக்கறது) என்ஓவா (தொறந்திருக்கறது)ன்னு ஒரு படம் போட்டு குடு. வைகாசி தேருக்கு வர்றப்ப நீயே மாட்டி குடுத்தாலும் சந்தோஷம் தான், தங்கச்சியையும் கூட்டிட்டு வா.

உன்ற மாப்ள