படைத்தள வேலை: முழுச் செலவையும் கணக்கிடுங்கள்

ஆசிரியருக்கு,

பாதுகாப்புத் துறையில் எந்த வேலையைப் படைவீரர் செய்வது, எதைச் சிவிலியன் ஊழியரிடம் விடுவது, எதை ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது என்பதெல்லாம் டெல்லி விவகாரம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கும்போது, இது நம் வட்டாரத்துப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

பாதுகாப்புச் செலவைச் சீரமைக்க வழி சொன்ன ஷெகட்கர் குழுவின் பரிந்துரைப்படி 2020 மே மாதம், படைத்தளங்களின் கட்டடம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றைப் பராமரிக்கும் ராணுவப் பொறியியல் சேவையில், அதாவது எம்.இ.எஸ்.ஸில், 9,304 பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. காலியாகக் கிடந்த 13,157 இடங்களிலிருந்து கழித்தவை அவை. சில வேலைகளைத் துறை ஆட்களும் மற்றவற்றை வெளியாட்களும் செய்யலாம் என்ற யோசனையில் தவறில்லை. ஆனால் இடம் காலி என்பதால் வேலை இல்லை என்று ஆகிவிடாது. பம்ப் ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போனாலும் மோட்டார் ஓடத்தான் வேண்டும். அந்த இடத்தில் சீருடைக்காரர் ஒருவரை நிறுத்தினால், இருப்பதிலேயே அதிகச் செலவு பிடிக்கும் ஆளை நிறுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஏழாவது ஊதியக் குழுப்படி படைவீரரின் தொடக்க அடிப்படை ஊதியம் 21,700 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாய். இரண்டுக்கும் அகவிலைப்படி உண்டு. ரேஷன், உடை, குடியிருப்பு, பயிற்சி எல்லாம் தனி. நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெறுபவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடியில் 1.60 லட்சம் கோடிக்கு மேல் ஓய்வூதியத்துக்கே போகிறது. எந்தத் தளத்தின் மாதக் கணக்கிலும் அந்தத் தொகை தெரியாது. அக்னிவீரருக்கு ஓய்வூதியம் இல்லைதான். ஆனால் அவர் இருப்பதே நான்கு ஆண்டு, அதிலும் பயிற்சிக்காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்ச நாளில் அவரைத் தோட்ட வேலைக்கு விடுவது பெரிய விரயம்.

ஒப்பந்த ஆள் மலிவு என்று சொல்பவர்களும் கூலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 15,600. வருங்கால வைப்பு நிதிக்கு 15,000 உச்சவரம்பில் 13 சதவீதம் 1,950, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 507, போனஸ் 8.33 சதவீதம் ஏறக்குறைய 1,300. ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணம் 4 சதவீதம் என்றாலும் 20,130 ரூபாய் ஆகிவிடுகிறது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் பில் 23,750ஐத் தொடுகிறது. ஜி.எஸ்.டி. அரசுக்கே திரும்புவதால் ஒப்பிடும்போது அதைத் தள்ளிவிட வேண்டும். தளத்தின் ஒதுக்கீட்டிலிருந்து மட்டும் அது போகத்தான் செய்யும். மேற்பார்வை பார்க்கும் துறை ஊழியரின் நேரத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று வகை ஆட்களின் முழுச் செலவையும் இப்படி ஒப்பிடும் முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2013இலேயே விதியாக வகுத்துவிட்டது.

கணக்கு போடும் முன் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடுபாதை ஓரத்துப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டெண்டரில் 'மாதம் ஒரு வெட்டு' என்று எழுதினால் டெல்டாவில் அது செல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் கண்முன்னே வளரும். சித்திரை வெயிலில் வெட்டுவதற்கே ஒன்றும் இருக்காது. வெட்டிய கையோடு பூச்சி கிளம்பும், அதைத் தேடி கொக்கும் மைனாவும் பருந்தும் இறங்கும். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது சுற்று வயல்களுக்கு வரும் பறவைகள் வேறு. 2024 டிசம்பரில் 12 சுகோய்-30 போர் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் 13,500 கோடி ரூபாய். ஒன்று ஆயிரம் கோடிக்கு மேல். அதன் எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் புல்வெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் எந்த மூலைக்கு?

ஆகவே புல்லை வெட்டுவது ஒப்பந்த ஆள். எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் வெட்டுவது என்று சொல்வது பறக்கும் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் சீருடைக்காரர். பரப்பை அளந்து பில்லில் கையெழுத்திடுவது சிவிலியன் ஊழியர். டெண்டரில் மாதக் கணக்கை எடுத்துவிட்டு சதுர மீட்டர் விலையும், மழை மாதங்களுக்குக் கூடுதல் வெட்டுகளும் எழுத வேண்டும். நம் விவசாயி அறுவடை இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். ராத்திரியில் மடை பார்க்கும் வேலையைத் தன் ஆளிடம்தான் விடுகிறார். இதுவும் அந்தக் கணக்குத்தான்.

ஆயுதம் ஏற்றுவது, ஆயுதக் கிடங்கு, தீயணைப்பு ஆகியவற்றில் கைவைக்கவே கூடாது. மின்சாரத்திலும் குறைந்தபட்சம் ஒரு குழு சீருடையில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வெளியிலிருந்து வேலைக்கு வருபவரின் வீட்டுக் கூரையும் அதே காற்றில்தான் பறக்கிறது. மறுநாள் அவர் வரவில்லை என்று குறை சொல்ல முடியாது. தளத்துக்குள்ளேயே குடியிருப்பவர்தான் அப்போது ஜெனரேட்டரை ஓட்ட முடியும். எல்லையிலிருந்து திரும்பும் வீரர்கள் குடும்பத்தோடு இருக்கவும் உள்நாட்டுத் தளங்களில் இடங்கள் வேண்டும். எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டால் அந்தச் சுழற்சி நின்றுபோகும்.

ஒப்பந்தத்தில் வழக்கமாகக் கோளாறு வருவது குறைந்த விலைக்காரருக்கே வேலை என்பதில்தான். சேவைக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிக் கேட்பவர், அதைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பார் அல்லது இருபது பேருக்குப் பில் போட்டுப் பதினைந்து பேரை அனுப்புவார். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் குழு தேவையில்லை. படைத்தளத்தில் பாஸ் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. வாயில் பதிவேடு, வைப்பு நிதிச் செலுத்துச்சீட்டின் பெயர்ப்பட்டியல், வங்கியில் கூலி வரவான விவரம், பில் ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால் போதும். ஒத்துவராத ஆளுக்குப் பணத்தை நிறுத்திவிடலாம்.

புதிய ஒப்பந்ததாரர் வரும்போது பழையவரோடு பதினைந்து நாளாவது சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். எந்த வால்வு எந்தக் குழாயை அடைக்கும், நிலத்தடிக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடம் ஒப்பந்ததாரரிடம் இல்லாமல் எம்.இ.எஸ். அலுவலகத்தில், ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் திருத்தப்பட்டு இருக்க வேண்டும்.

வாசகர்,
தஞ்சாவூர்