தளத்தின் கனத்தைக் குறைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு கட்டுவோருக்கான தங்கள் கட்டுரையில், எம்20-க்குப் பதில் அதைவிட வலிமையான எம்40 கிரேடு கான்கிரீட் போட்டால் தளத்தின் கனத்தை 125 மி.மீ.யிலிருந்து 100 ஆகக் குறைக்கலாம் என்று வந்திருந்தது. இதை நம்பி யாரும் கனத்தில் கை வைத்துவிடக் கூடாது.

எவ்வளவு பாரத்தில் உடையும் என்பது வலிமை. உடையாமலே எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. தளம் தொய்வதும், அதன்மேல் எழுப்பிய சுவர் கீறல் விடுவதும் பெரும்பாலும் விறைப்புக் குறைவால்தான். எம்40-இன் வலிமை எம்20-ஐப் போல இரு மடங்கு. ஆனால் ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி, பொருளின் விறைப்பைக் காட்டும் மீள்மைக் குணகம் வலிமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: எம்20-க்கு சுமார் 22,400 மெகாபாஸ்கல், எம்40-க்கு 31,600. கூடுவது 41 சதவீதமே. கனமோ மும்மடியில் கணக்காகிறது. 125-ஐ 100 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் நட்டம். கான்கிரீட் கீறிய பிறகு கம்பிதான் பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அங்கே கிரேடு இன்னும் குறைவாகவே உதவும்.

நாற்புறமும் சுவரில் உட்காரும் வீட்டுத் தளத்துக்கு, குறுகிய பக்கம் 3.5 மீட்டர், கம்பி எஃப்.இ. 415 என்ற ரகம் என்றால், அந்த நீளத்தை 28-ஆல் வகுக்கச் சொல்கிறது அதே விதி. வருவது 125 மி.மீ.

கருங்கல்லும் கான்கிரீட்டைப் போலத்தான்: அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நல்ல கருங்கல் அழுத்தத்தில் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும்; இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே அதிகம். கல் உத்தரம் அடிப்பக்கம் இழுபட்டு, முன்னறிவிப்பின்றி முறியும். கோயில் மண்டபங்களில் தூண்களை நெருக்கமாக நட்டதும், தூண் தலையில் போதிகை என்ற தாங்குகல் வைத்து இடைவெளியைச் சுருக்கியதும் இதனால்தான். எத்தனை தெளிந்த பொறியியல்!

சன்ஷேடில் அதிகக் கவனம் வேண்டும். அங்கே இழுபடுவது மேல்பக்கம் என்பதால் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து, அடியில் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பி இல்லாமல் 25 மி.மீ. அமுங்கிவிட்டால், 75 மி.மீ. பயனுறு ஆழம் (கான்கிரீட்டின் அடியிலிருந்து கம்பி வரையான உயரம்) 50 ஆகும். வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போகும். விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கும். மேலே பூசி மறைத்தபின் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் கான்கிரீட் ஊற்றும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

முட்டு பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம். 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14, ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21. இது ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கான கணக்கு, பி.பி.சி. எனும் பொஸோலானா சிமெண்ட் மெதுவாக இறுகுவதால் இன்னும் சில நாள் விட வேண்டும். பாரம் நிலைத்து நிற்கும்போது கான்கிரீட் நாளாக நாளாக மெல்ல உருமாறுவது கிரீப். 7 நாளில் பாரம் ஏறிய கான்கிரீட்டின் கிரீப் குணகம் 2.2, 28 நாளில் ஏறினால் 1.6. முட்டைச் சீக்கிரம் எடுத்தால் வருடக்கணக்கில் தொய்வு கூடிக்கொண்டே போகும்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், திருச்சி