ஏழு தப்படி தள்ளி

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாங்கா சீசன் முடிஞ்சதும் ஒரு மாசம் இங்க வந்து இருக்கப் போறீங்கன்னு அம்மா சொன்னாங்க. பீடிப் பேச்சை எடுத்தாலே போனை வெச்சிடறீங்க, அதான் எழுதியே அனுப்பறேன்.

தீப்பெட்டி, லைட்டரை பெங்களூர் ஏர்போர்ட்ல கைப்பையிலயும் விட மாட்டாங்க, பெட்டியிலயும் விட மாட்டாங்க. வீட்லயே வெச்சிடுங்க. மூக்குப்பொடியும் வாயில அடக்கற புகையிலையும் இந்த நாட்டுக்குள்ள வரவே கூடாது. வெத்தலை பாக்கு இங்க நம்மாளுங்க கடைவீதி தேக்காவுல வாங்கிக்கலாம். பீடிக்கு வரிச்சலுகை கிடையாது, ஒத்தைப் பீடியானாலும் சொல்லி வரி கட்டணும். பெட்டி எடுத்ததும் எல்லாரும் வரி கட்ட ஒண்ணும் இல்லாதவங்களுக்கான பச்சை வழியில போவாங்க, நீங்க சிவப்பு வழிக்குத் திரும்பணும். நாலு கட்டுதானேன்னு பச்சையில நடக்கறவங்கதான் மாட்டறாங்க.

தீர்ந்துபோனா இங்க வாங்கறது நம்ம பெட்டிக்கடை மாதிரி இல்லை. சில்லறையா ஒண்ணு ரெண்டு விக்க மாட்டாங்க, 20 சிகரெட் இருக்கற முழுப் பாக்கெட்தான். கடையில பாக்கெட்டே கண்ணுல படாது. கேட்டாத்தான் மூடின அலமாரியிலிருந்து எடுப்பாங்க. எல்லாக் கம்பெனியும் ஒரே சேத்துப் பழுப்பு நிறம், முக்காவாசிக்குப் புண்ணுப் படம். தம்பி கூட வந்தா அவன் கையில கொடுத்து வெச்சிடாதீங்க. 21 வயசு ஆகாதவங்க வாங்கறது மட்டுமில்லை, வெச்சிருந்தாலே குத்தம்.

எங்க பிடிக்கலாம்ங்கறதுதான் உங்களுக்குத் தலைவலி. வீட்டு வாசல்ல இருக்கற நீள வராண்டா, மாடிப்படி, லிப்ட், அடுக்குமாடி புளோக்குக்கு அடியில தூணும் பெஞ்சுமா நம்ம திண்ணை மாதிரி குளுகுளுன்னு இருக்கற தளம், எதுலயும் கூடாது. அந்தப் பெஞ்சைப் பார்த்தா உங்களுக்குக் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். பூங்காவும் கூடாது. பஸ் ஸ்டாப்பிலிருந்தும் கட்டட வாசல்லருந்தும் 5 மீட்டர் தள்ளி நிக்கணும், உங்க நடைக்கு ஏழு தப்படி. அதுவரைக்கும் சரியா நின்னவங்க மழை வந்ததும் பீடியோட கூரை போட்ட நடைபாதைக்குள்ள ஓடுவாங்க. அங்கயும் தடைதான். தூறல் விழுந்தா அணைச்சிட்டு வாங்க. சில காபிக்கடையில மஞ்சக் கோடு போட்ட மூலை இருக்கும், அங்க உக்காந்து பிடிக்கலாம். கோட்டுக்கு வெளிய ஒரு நாற்காலி தள்ளிப் போட்டாலும் தப்பு.

பீடித் துண்டைக் கீழ போட்டா அது தனிக் கணக்கு, 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். உங்க பழைய மூக்குப்பொடி டப்பாவைக் கழுவி எடுத்துட்டு வாங்க, துண்டைப் போட்டு மூடிக்கலாம். ஜன்னல் வழியா மட்டும் எறிஞ்சிடாதீங்க, கீழயிருந்து மாடியைப் பார்த்துக் கேமரா வைக்கறாங்க.

"என் காசு, என் நெஞ்சு, அவனுக்கென்ன"ன்னு கேப்பீங்க. நம்மூர்லயும் 2008 அக்டோபர் 2லருந்து பொது இடத்துல பிடிக்கக் கூடாது, அபராதம் 200 ரூபாய் வரைக்கும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட்ல நின்னு பார்த்தா அப்படி ஒரு சட்டம் இருக்கறதே தெரியாது. இங்கயும் அதே 200தான், ஆனா வெள்ளியில. நம்ம கணக்குக்குப் பதிமூவாயிரத்துக்குக் குறையாது. கோர்ட்டுக்குப் போய்த் தோத்தா 1000 வரைக்கும்.

ஆனா வீட்டுக்குள்ள பிடிச்சா இவங்களும் கேக்கறதில்லை. அப்போ எங்க நீ சூன் தொகுதி எம்.பி.யா இருந்த லூயிஸ் இங் 2020ல ஜன்னலோரத்துலயும் பால்கனியிலயும் பிடிக்கறதைத் தடுக்கணும்னு நாடாளுமன்றத்துல பேசினார். அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி ஆயிடும்னு அரசாங்கம் ஒத்துக்கலை. அது சரிதான்னு எனக்கும் படுது. அதுக்காக நம்ம ஜன்னல்ல நிக்காதீங்க. மேல் வீட்ல கைக்குழந்தை, புகை நேரா அவங்க துணி காயற கம்புக்குத்தான் போகும். கீழ இறங்கி, கார் நிறுத்தற இடத்தைத் தாண்டினா ஒரு வேப்பமரம் இருக்கு. தப்படி போட்டுப் பார்த்துட்டேன், ஏழுக்கு மேலயே வருது.

அம்மாகிட்ட புளி ரெண்டு கிலோ கொடுத்தனுப்பச் சொல்லுங்க.

அன்புடன்,
உங்க மகன்