விடிலிக்கு வந்த விருந்தினர்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பனையேறும் அண்ணாச்சிமார்களே, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பைக் காக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கருப்பட்டியைத் தேடி வெளியூர்க்காரர்கள் நம் உடன்குடித் தேரிக்காட்டுக்கே வர வேண்டும், இங்கேயே உண்ண வேண்டும், அந்தக் காசு பனையேறியின் கைக்கு நேராக வர வேண்டும் என்று தொடங்கிய வேலையைப் பற்றித்தான் இந்த அறிக்கை.

திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் கும்பிட வருகிறவர்களில் ஏராளமானோர் நம் ஊரைத் தொட்டே போகிறார்கள். போகிற வழியில் கருப்பட்டி வாங்குகிறார்கள். அதில் சீனிப்பாகு கலந்திருந்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு பிறகு நம் கருப்பட்டிக்கும் கிடைத்தது. அது பெருமைதான். ஆனாலும் நல்ல கருப்பட்டியின் ருசியை வாயில் போட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

சித்திரையில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீரை ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டுக் கொடுத்தோம். பிறகு விடிலிக்குள் உட்காரவைத்தோம். பதநீர் நுரைத்துப் பொங்கியபோது நம் அக்கா ஒருவர் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டார். நுரை அப்படியே அடங்கியது. அந்த வீட்டுச் சிறுமி எழுந்து நின்றுவிட்டாள். பாகு இறுகி, சிரட்டையில் ஊற்றும்வரை அவள் அடுப்பைவிட்டு நகரவில்லை. அவர்கள் கொடுத்த பணம் முழுவதும் அந்த விடிலிக்கே சேர்ந்தது.

ஒரு சுற்றுலா நிறுவனம் பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவருவதாகவும், படம் எடுக்க உச்சிவெயிலில் பனையேறிக் காட்ட வேண்டும் என்றும் கேட்டது. மறுத்துவிட்டோம். காலையும் மாலையும் பாளை சீவ ஏறுகிறவரை வேடிக்கைக்காக மூன்றாம் முறை ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தசராவின்போதும் ஒரு பேச்சு எழுந்தது. பருவம் முடிந்து அடுப்பு அணைந்திருந்தது. பழைய கருப்பட்டியைச் சீனியோடு உருக்கி, புதிதாகக் காய்ச்சுவதுபோல் காட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன், குழுவும் என் பக்கம் நின்றது. பருவத்துக்குப் பருவம் தர நம்மிடம் வேறு பண்டங்கள் இருக்கின்றன: ஆவணியில் சுட்ட பனம்பழம், கார்த்திகையில் ஓலைக்கொழுக்கட்டை, தை பிறந்தால் அவித்த பனங்கிழங்கு. கார்த்திகைக்கு வந்தவர்கள், ஓலையைப் பிரித்ததும் எழுந்த மணத்துக்காகவே மறு ஆண்டும் வருவோம் என்றார்கள்.

2021-இல் தமிழக அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது. நாமும் குளக்கரையில் விதை ஊன்றினோம். அவை பாளை விடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கிற மரங்களில் ஏற ஆள் வேண்டும். ஏறத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடையே மிகக் குறைவு என்பதே என் பெரிய கவலை. விருந்தினரிடமிருந்து வரும் வருமானம் ஓர் இளைஞனையாவது மரத்தடிக்குத் திரும்ப அழைத்துவந்தால் என் மனம் நிறையும்.

வரும் பருவத்துக்கு இரண்டு வேலைகள் உடனே ஆக வேண்டும். விடிலிகளின் கூரையை மாசிக்குள் வேய வேண்டும். வருகிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்ற குறை தொடர்ந்து வருவதால், கழிப்பறை கட்டும் தீர்மானத்தை இன்றே நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்